விரால் கூண்டின் பூட்டு

சினாத் அக்கா பேரம் பேசினால் அக்கரையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். நான் மிகைப்படுத்தவில்லை. கம்போங் சனாங்கிலிருந்து மீன் வாங்க வருகிறவர்கள் எங்கள் மிதக்கும் ஊருக்குள் நுழையும்போதே இஞ்சின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அவள் வீட்டைத் தாண்டிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும். அவள் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. மீனை உப்பில் ஊறப்போட்டுச் செய்கிற ப்ரஹோக் ஜாடியை நீட்டி, "மோந்து பாருய்யா, மூக்கு இருக்குல்ல?" என்று ஆரம்பித்துவிடுவாள். வாங்காமல் போனவன் எவனும் இல்லை.

நான் அடுத்த வீடு. பெயர் ரித். ஐஸ் விற்பவன். இருபது வருஷமாக என் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்தது அந்தத் தொண்டைதான். இன்றைக்கு அது இல்லை. விலை கேட்டால் விரலைக் காட்டுகிறாள். குறைத்துக் கேட்டால் அதற்கும் தலையாட்டிவிடுகிறாள். அந்த வாய்க்குப் பயந்து கிடந்த பயல்கள் இப்போது கூசாமல் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போவதைப் பார்த்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது. இரண்டு பேரை நானே துடுப்பால் அடிக்கப் போயிருக்கிறேன்.

அவள் புருஷன் கம்பாவ் எங்கள் ஊர்க்காரன் இல்லை. மேக்கோங் ஆற்றின் மேலே, லாவோஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்துங் த்ரெங்கிலிருந்து மூங்கில் ஏற்றிக்கொண்டு வந்தவன். வீட்டுக்கு அடியில் கட்ட எங்களுக்கு மூங்கில் வேண்டும், அவனுக்கு ப்ரஹோக் வேண்டும். வந்தவன் பாதி மூங்கிலை சினாத் அக்காவிடம் அவள் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டான். பேரம் பேசவே வரவில்லை அவனுக்கு. வாயைத் திறந்தால் காது சிவந்துவிடும்.

அவன் வந்து சில நாளில் ஆறு திரும்பியது. எங்களுக்கு அது வருஷா வருஷம் நடக்கிற காரியம். எங்கள் தொன்லே சாப் ஆறு வெயில்காலத்தில் ஏரியிலிருந்து தெற்கே ஓடி, புனோம் பென்னில் மேக்கோங்கோடு சேரும். மழைக்காலத்தில் மேக்கோங் பொங்கி வந்து அதைத் தள்ளும்போது, வந்த வழியே வடக்கே திரும்பி ஏரிக்குள் ஓடும். முன்மூக்கில் கயிறு கட்டி நிறுத்திய படகெல்லாம் அன்றைக்குத் தானாகச் சுற்றித் தெற்கு பார்த்து நிற்கும். ஏரி நிறையும், காடு முங்கும், மீன் குஞ்சு பொரிக்கும், நாங்கள் சாப்பிடுவோம். அதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

கம்பாவ் காலையில் கண்விழித்தபோது படகு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. அவன் போட்ட சத்தத்தில் ஊரே வெளியே வந்தது.

"எந்தப் படுபாவி என் படகைத் திருப்பிக் கட்டினது?"

"உன் படகை எவனும் தொடல மூங்கில்காரா," என்றாள் சினாத் அக்கா, மீன் அலசிக்கொண்டே. "ஆறுதான் திரும்பிடுச்சு. மூஞ்சியக் கழுவிட்டுப் பாரு."

"ஆறு எப்படிங்க திரும்பும்?"

"ஏன், உங்க ஊர் ஆறு ஒரே பக்கமாவா படுத்துக் கிடக்கும்? முதுகு வலிக்காது அதுக்கு?"

ஊர் சிரித்த சிரிப்பில் வீடுகள் ஆடின. கம்பாவ் காது சிவக்க நின்றான். ஆனால் அன்றைக்கு என்னவோ பதில் வந்துவிட்டது அவனுக்கு.

"எங்க ஆறு பனிமலையில கெளம்பி, சீனா, பர்மா, லாவோஸ், தாய்லாந்துன்னு அத்தனை நாட்டையும் பாத்துட்டு வருதுங்க. இன்னும் கீழ வியட்நாம் போய்க் கடல்ல விழுது. ஒரு எடத்துலயும் அது திரும்பிப் பாக்காது."

"அப்ப வீட்டு நெனப்பே இல்லாத ஆறுன்னு சொல்லு," என்றாள் அக்கா.

அவன் மூங்கில் விற்றுத் தீர்ந்தது. படகு போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் கத்துவாள், அவன் சிரிப்பான். அதுதான் அந்த வீட்டுக் குடித்தனம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "வீட்டு நெனப்பில்லாத ஊர்க்காரன்தானே நீ" என்பாள். அவன் அதற்கும் சிரிப்பான். சொல்லப்போனால் எங்கள் ஊரில் பொழுது சாய்வதற்கு முன்னால் தவறாமல் வீடு திரும்பிய ஒரே ஆம்பளை அவன்தான். நான்கூட இல்லை.

பிறகு விரால் வளர்த்தான். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் கூண்டு, இரண்டு பக்கமும் நீல பீப்பாய், பாதி தண்ணீருக்குள் முங்கினபடி. ஒரு தரம் யாரோ இரவில் மீன் அள்ளிக்கொண்டு போனதும், சந்தைக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்து கூண்டின் மூடிக்குப் போட்டான். சாவியை இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டான். எங்கள் ஆண்பிள்ளைகள் காப்புக்காக மந்திரத் தகடு கட்டுகிற கயிறு அது.

"மீனுக்குப் பூட்டு போட்ட மகராசன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்," என்றாள் அக்கா. "திருடன் பூட்ட ஏன் ஒடைக்கிறான்? கூண்டோட இழுத்துட்டுப் போவான்."

"கூண்டோட போனா நானும் பின்னாடியே போவேன்," என்றான் கம்பாவ்.

அப்போது நானும் சிரித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, மழைக்காலம் வந்தும் ஆறு திரும்பவில்லை. மேலே எங்கோ அணையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, மழையே பொய்த்துவிட்டது என்று சிலர். எது உண்மையோ, எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? பிக்குகள் மழைக்காலத் தவத்துக்கு விகாரைக்குள் புகுந்தாயிற்று. அதற்குள் ஆறு திரும்பியிருக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல், வாய்க்கால் மாதிரி கிடந்தது. "இன்னிக்குத் திரும்பிடும், நாளைக்குத் திரும்பிடும்" என்று தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மத்தியானம் தெற்கிலிருந்து புயல்காற்று. பலகையும் தகரமும் பறந்தன. நான் என் ஐஸ் பெட்டிகளைக் கட்டிப்போடுவதிலேயே இருந்துவிட்டேன். காற்று கொஞ்சம் தணிந்து தலையைத் தூக்கினால், சினாத் அக்கா வீட்டுக்குப் பின்னால் விரால் கூண்டு இல்லை. அவர்களுடைய சின்னப் படகும் இல்லை.

"ரித்! அவரு கூண்டைப் பிடிக்கப் போனாருடா! இன்னும் வரலடா!"

போனதை அவள் பார்த்தாள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

சின்னப் படகு சாயங்காலம் கிடைத்தது. ஊருக்கு வடக்கே, நாணல் புதரில், கவிழ்ந்து கிடந்தது. ஊர்ப்படகெல்லாம் தெற்கு பார்த்துத் திரும்பி நின்றன. ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாக ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், ஆறு திரும்பிவிட்டது என்று. முதலில் சொன்னது சினாத் அக்காதான்.

"ஆறு திரும்பிடுச்சுடா. வடக்கதான் போயிருப்பாரு. கெளப்பு."

ஊர்த்தலைவரும் அதையே சொன்னார். நானும் அதையேதான் நினைத்தேன்.

என் படகில் ஐஸ் பாளங்களை ஏற்றி உமி போட்டு மூடினேன். ஏற்றச் சொன்னது அவள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போகிற வழியில் அவளே சொன்னாள்.

"உசுரோட இருப்பாருன்னு நான் நெனக்கல ரித். எனக்கு அவரை வீட்டுக்குக் கொண்டாரணும். எரிக்கணும். எலும்பெடுத்து விகாரையில வைக்கணும். எரிக்காம விட்டா, ப்சும் பென் நாள்ல எல்லாரோட செத்தவங்களும் சோறு வாங்க விகாரை விகாரையா வருவாங்க, இவரு எங்கேன்னு வருவாரு? வழி கேக்கக்கூட கூச்சப்படுற மனுஷன்டா அவரு."

அதைச் சொல்லும்போதுதான் முதல்தடவையாக அழுதாள்.

ஏரியின் வாய் வரைக்கும் போனோம். முங்கிக் கிடக்கிற காட்டுக்குள் போனோம். ஒவ்வொரு மரத்தடியிலும், ஒவ்வொரு வலைக் கம்பத்திலும் அவள் "கம்பாவ்!" என்று கூப்பிட்டாள். அக்கரை நாயை எழுப்புகிற தொண்டை. செத்தவன் பதில் சொல்லமாட்டான் என்று தெரிந்தவள்தான், ஆனாலும் கூப்பிட்டாள். ஐஸ் கரைந்தது. வழியில் ஒரு மீன்கிடங்கில் நிறுத்தி மறுபடி ஏற்றினோம். அதுவும் கரைந்தது. திரும்பி வரும்போது அவளிடம் குரல் என்று ஒன்று இல்லை, காற்றுதான் வந்தது. அந்தத் தொண்டை பிறகு சரியாகவே இல்லை. வைத்தியர் மருந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

நாங்கள் ஊருக்குள் நுழைந்த அன்று எனக்கு ஒரு போன் வந்தது. புனோம் பென்னுக்குச் சற்று மேலே பாலத்தடியில் மீன் பிடிக்கிறவன், என்னிடம் ஐஸ் வாங்குகிற ஆள்.

"அண்ணே, உங்க ஊர்ல யாரோ விரால் கூண்டுக்குப் பூட்டு போட்டிருந்தாங்கன்னு சொல்லிச் சிரிப்பீங்களே. இங்க பாலத்துத் தூண்ல ஒரு கூண்டு சிக்கியிருக்கு. நீல பீப்பா. பூட்டு தொங்குது. ரொம்ப நாளா நிக்குது, யாரும் கேக்க வரல."

பாலம் எங்களுக்குத் தெற்கே. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். என்னடா என்று கையால் கேட்டாள். சொன்னேன்.

அவள் வீட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கந்தலில் சுற்றி, கயிற்றில் கட்டி, வாசலில் உட்கார்ந்து தண்ணீருக்குள் இறக்கினாள். மேலே ஆகாயத்தாமரை வடக்கே போய்க்கொண்டிருந்தது. கயிறு மெதுவாகத் தெற்கே சாய்ந்தது.

காற்று, அவ்வளவுதான். தெற்குக் காற்று படகுகளைத் திருப்பியிருந்தது, ஆகாயத்தாமரையைத் தள்ளியிருந்தது, கவிழ்ந்த சின்னப் படகை வடக்கே கொண்டுபோயிருந்தது. அடியில் ஆறு திரும்பவே இல்லை. பழையபடி தெற்கேதான் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி முங்கின கூண்டு அதோடு போனது. முழுசாய் முங்கின மனிதனும் அதோடுதான் போயிருப்பான். ஆறு திரும்புகிற ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். வேறு ஊர்க்காரன் யாராவது இருந்திருந்தால், ஆறு கடலுக்குத்தானே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெற்கே போயிருப்பான். நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"ஆறு திரும்பினது தெரியலன்னு அன்னிக்கு அவரைப் பாத்துச் சிரிச்சேன்ல," என்றாள் அவள், குரலில்லாத குரலில்.

தெற்கே போனோம். மறுபடி ஐஸ், மறுபடி உமி. பாலத்தடியில் கூண்டை எடுத்தோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே விரால்களில் பாதி உயிரோடு இருந்தன. அவை காற்றைக் குடித்துப் பிழைக்கிற ஜாதி. சாவி இல்லாததால் மூங்கிலை வெட்டித்தான் மூடியைத் திறந்தோம். அக்கா மீனையெல்லாம் ஆற்றில் கொட்டிவிட்டாள். மூடியிலிருந்து பூட்டை மட்டும் அறுத்தெடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

புனோம் பென்னில் எங்கள் ஆறு மேக்கோங்கில் விழுகிற இடத்தில், தண்ணீர் மறுபடி இரண்டாகப் பிரிந்து போகும். எந்தக் கிளை என்று கேட்டேன்.

"பெரிய ஆத்துல போ. அது அவரு ஊர்த் தண்ணி. அதுலதான் போயிருப்பாரு."

நியாக் லுயங் பாலத்துக்குக் கீழே வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவனிடம் விசாரித்தோம். அவன் முதலில் தெரியாது என்றான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் வலையைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒரு ஆளு போனாருக்கா. விரத நாள் அன்னிக்குக் காலையில. இடுப்புல செவப்புக் கயிறு இருந்துச்சு."

"பாத்துட்டு என்ன செஞ்ச?"

"ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டேன்க்கா. அப்புறம் துடுப்பால நடு ஆத்துக்குத் தள்ளிவிட்டேன். கரையில ஒதுங்கினா போலீஸ் வரும், நூறு கேள்வி கேக்கும். புள்ளகுட்டிக்காரன் நான்."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடிக்காமல் என்ன செய்வது? அக்காதான் என் கையை விலக்கினாள்.

"முகம் எப்படி இருந்துச்சு தம்பி?"

"குப்புறக் கெடந்தாருக்கா. பாக்கல."

விரத நாள் காலையில் நாங்கள் ஏரி வாயில் இருந்தோம். மீன்கிடங்கில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

எல்லைச் சாவடியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். காகிதம் எங்கே என்றார்கள். ஐஸ் படகுக்காரனிடமும் ப்ரஹோக்காரியிடமும் என்ன காகிதம் இருக்கும்? எங்கள் கண்ணுக்கு எதிரே கட்டை போனது, செருப்பு போனது, ஆகாயத்தாமரை போனது. எல்லாம் தம் பாட்டுக்கு வியட்நாமுக்குள் போய்க்கொண்டிருந்தன. "அதையெல்லாம் யாருய்யா கேக்குறது?" என்று நான் கத்தினேன். அதிகாரி சின்னப் பையன், பாவம், அவன் என்ன செய்வான். அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு எங்கள் படகுக்கு வந்து உமியைக் கையால் விலக்கிப் பார்த்தாள். கடைசிப் பாளமும் கரைந்திருந்தது. ஈர உமிதான் மிச்சம்.

திரும்பி வரும் வழியில் இஞ்சின் திடீரென்று இலேசாக ஓட ஆரம்பித்தது. புனோம் பென் தாண்டி எங்கள் ஆற்றுக்குள் நுழைந்திருந்தோம். படகைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளியது. அவள் கல்லையும் கயிற்றையும் எடுக்கவில்லை. கையை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள்.

"இப்ப வந்து திரும்புது பாரு," என்றாள். "சனியன்."

அந்த வருஷ ப்சும் பென்னில் அவள் விகாரைக்குப் போனாள். விடியுமுன் சோற்று உருண்டை வீசி எல்லோரும் அவரவர் செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எரிக்காதவனை எப்படிக் கூப்பிடுவது என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பிக்குவிடம் கேட்கச் சொன்னேன். அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

கோடையில் உத் வந்தான். வியட்நாம்காரன், பொடிமீன் வாங்கிப்போக ஒவ்வொரு கோடையிலும் வருகிறவன். முன்பெல்லாம் அவனைக் கண்டால் அக்கா, "வந்துட்டான்யா, தராசுத் தட்டுல கட்டைவிரல வெச்சு அமுக்குறவன்!" என்று வரவேற்பாள். அவனும் எங்கள் பாஷையில் பதிலுக்குப் பதில் கொடுப்பான். இந்தத் தடவை அவன் அவளுடைய வாய்க்காகக் காத்து நின்று, வராமல் போகவே என்னிடம் வந்து கேட்டான். சொன்னேன். சிவப்புக் கயிறு, சாவி என்றதும் அவன் முகம் மாறியது.

"எங்க ஊர்ல ஹை அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க. எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம். ஆத்துல யார் வந்தாலும் இழுத்துப் பொதைப்பாங்க. அவங்க புருஷன் கடலுக்குப் போய் வரல, அதனால. போன மழையில ஒருத்தரப் பொதச்சாங்க. இடுப்புக் கயித்துல சாவி இருந்துச்சுன்னு சொன்னாங்க."

அவன் அதை அக்காவிடம் போய் மறுபடி சொன்னான். அவள் உள்ளே போய்ப் பூட்டை எடுத்து வந்து அவனிடம் காட்டினாள். அவ்வளவுதான், பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

பாஸ்போர்ட் வாங்க அலைந்த கதையைச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும், விடுங்கள். ஓர் ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் காட்டியது, அது மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. வீட்டின் பின்பாதியை விற்றாள். எல்லாம் கைக்கு வந்தபோது மறுபடி மழைக்காலம் நடுவுக்கு வந்துவிட்டது. எலும்பைப் போட்டு வர ஒரு புது மண்சட்டியும் வெள்ளைத் துணியும் வாங்கிக்கொண்டாள். உத் எல்லையில் வந்து காத்திருந்தான்.

வழியெல்லாம் அவள் கொஞ்சம் பேசினாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கம்பாவுக்கு எந்த விகாரையில் இடம் கேட்பது, எரிக்கிற அன்று எத்தனை பேருக்குச் சோறு போடுவது என்று. ஒரு வருஷமாக நான் கேட்காத பேச்சு. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஹை அம்மா எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அறுபதைத் தாண்டியவள், மெலிந்த உடம்பு. உத் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் தலை குனிந்துகொண்டே போனது. அவள் பேசியதை அவன் எங்களுக்குச் சொன்னான்.

"தங்கச்சி, ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா நீ."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். சமையலறை பாதியில் அறுந்து நின்றது. அதற்கப்பால் தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ மணல் அள்ளுகிற படகுகள் உறுமின. கரை ஒரே சாயங்காலத்தில் விழுந்துவிட்டதாம். மாமரம், அடுப்பு, ஆற்றில் வந்தவர்களுக்காக அவள் எடுத்த கல்லறை வரிசை, எல்லாம். ஊதுபத்திக் கிண்ணம் ஒன்றைத்தான் அவளால் தூக்க முடிந்ததாம்.

சினாத் அக்கா சட்டியோடு நின்றாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷமாக வராத கோபம், அந்த உடைந்த தொண்டையில்.

"ஏன் மண்ணுல வெச்சீங்க? எரிச்சிருக்கலாம்ல! எரிச்சிருந்தா ஒரு பிடியாவது எனக்குக் கெடச்சிருக்கும்ல!"

உத் அதைச் சொல்லத் தயங்கினான். அவன் சொல்லாமலேயே ஹை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வழக்கம் அதுதான் தங்கச்சி. ஆத்த ஒட்டி வெச்சா வீட்டுக்கு வழி தெரியும்னுதான் கரையில வெச்சேன்."

அதற்கு மேல் அக்காவால் நிற்க முடியவில்லை. அறுந்த கரையில் உட்கார்ந்து அழுதாள். ஹை அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி பேச்சு ஒருத்திக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்தேன். இதற்குக் கீழே கடல்தான்.

புறப்படும்போது ஹை அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். புதைக்கிறவர்களின் உடம்பில் இருக்கிற சாமானை, யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்து வைப்பாளாம். மோதிரம், பொத்தான், ஒரு செல்போன். அடியில் சிவப்புக் கயிறும் சாவியும்.

அக்கா மடியிலிருந்து பூட்டை எடுத்தாள். துருவும் பச்சையும் பிடித்திருந்தது. சாவி முதலில் உள்ளே போகவில்லை. உத் படகுக்கு ஓடிக் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து விட்டான். மெதுவாகத் திருப்பினாள். பூட்டு திறந்துகொண்டது.

"அவருதான்," என்றாள்.

எங்கள் பிக்குவிடம் நடந்ததையெல்லாம் சொன்னோம். கம்பாவ் உடுத்திய துணி இருந்தால் அதை வைத்து எரிக்கலாம் என்றார். அவனுடைய கட்டம்போட்ட துண்டு, ஒரு சட்டை, சிவப்புக் கயிறு. கயிற்றிலிருந்து சாவியை அவள் அவிழ்க்கவில்லை. ஊரே வந்திருந்தது. அவளிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியவன்கூட வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். துணிதானே, சீக்கிரம் எரிந்துவிட்டது.

மறுநாள் எலும்பு பொறுக்கப் போனோம். எலும்பு ஏது? ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அவள் சாம்பலைக் கையால் துழாவினாள். கறுத்துப்போன சாவி கிடைத்தது. எலும்பைக் கழுவுகிற மாதிரியே அதை இளநீரில் கழுவினாள். அந்தப் புது மண்சட்டியில் வைத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, விகாரையில் கொடுத்தாள். அந்த வருஷ ப்சும் பென்னில் முதல்தடவையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

பூட்டு அவள் வீட்டு முன்கம்பத்தில் தொங்குகிறது, திறந்தபடி. போன மாசம் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ நினைப்பில் அதைக் கையில் பிடித்து, வளையத்தை அழுத்தப் போனேன்.

"அழுத்திடாதடா!"

அக்கரை நாய் எழுந்து நிற்கிற அந்தப் பழைய குரல். இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். அவள் மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்து பூட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பூட்டிடாத ரித். சாவி அவருகிட்ட இருக்கு."